நமக்கென்று ஓர் இணையதளம்

திருவையாற்றுக்கு அருகே, காவிரிக் கரையில் உங்கள் ஊர் என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் நீங்களும் நண்பர்கள் மூவரும் ஒரு நல்ல வேலையை எடுத்துக்கொண்டீர்கள். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்களைத் தேடிச் சென்றீர்கள். அவர்கள் இளமையில் எந்தெந்த நெல்லைப் பயிரிட்டார்கள் என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினீர்கள். ஒரு தாத்தா, சீக்கிரம் கதிர் முற்றும் பூங்காரைப் பற்றிச் சொன்னார். ஒரு பாட்டி, மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றின் நீராகாரம் எப்படி இருக்கும் என்று விவரித்தார். குறுவைக்கு எது, சம்பாவுக்கு எது, தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலுக்கு எது என்று எல்லாம் எழுதியாயிற்று. நாற்பது பக்கம் நிரம்பிவிட்டது. படங்களும் எடுத்துவிட்டீர்கள்.

இதை நாலு பேர் படிக்க வேண்டாமா? 'இணையதளம் ஒன்று அமைத்துவிடலாம்' என்று முடிவு செய்கிறீர்கள். உடனே குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் "பிளாகர் போதும்" என்கிறார். இன்னொருவர் "வேர்டுபிரஸ்தான் நல்லது" என்கிறார். மூன்றாமவர், "இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும் கருவிகள் இருக்கின்றனவே, அவை எதற்கு இருக்கின்றன?" என்று கேட்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

எது அழகாக இருக்கிறது, எது எளிதாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலோர் வழக்கம். அழகும் எளிமையும் வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது என்னவென்று காண்பதற்கு, இணையதளம் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

தளம் என்பது மூன்று பொருள்

நாம் 'இணையதளம்' என்று ஒரே சொல்லில் குறித்தாலும், அதில் மூன்று தனித்தனிப் பொருள்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, உள்ளடக்கம். நீங்கள் எழுதிய எழுத்தும் எடுத்த படங்களும் இதில் சேரும். இவை கோப்புகளாக இருக்கும்.

இரண்டாவது, அந்தக் கோப்புகள் இருக்கும் கணிப்பொறி. இதை வழங்கி என்றும் சர்வர் என்றும் கூறுவர். இரவு பகல் எந்நேரமும் இது இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணிப்பொறியையே வழங்கியாக்க முடியும் என்றாலும் அது வசதிப்படாது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது, டெல்டாவின் பல ஊர்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. வீட்டில் வைத்த வழங்கி அத்தனை நாளும் உறங்கியிருக்கும். ஆகவே, இதற்கென்றே கணிப்பொறிகளை வைத்து நடத்தும் நிறுவனங்களிடம் இடம் பெறுகிறோம்.

மூன்றாவது, முகவரி. படிப்பவர் தட்டெழுதும் பெயர் இது. இதை டொமைன் பெயர் என்பர். ஒவ்வொரு வழங்கிக்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. அந்த எண்ணை யார் நினைவில் வைத்திருப்பது? ஆதலால் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் அடைவு ஒன்று இணையத்தில் இருக்கிறது. படிப்பவரின் உலாவி முதலில் அந்த அடைவிடம் எண்ணைக் கேட்கிறது. பிறகு அந்த எண்ணுக்குரிய வழங்கியிடம் பக்கத்தைக் கேட்கிறது. வழங்கி கோப்பை அனுப்புகிறது. உலாவி அதைத் திரையில் அடுக்கிக் காட்டுகிறது. இவ்வளவும் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

இம்மூன்றும் ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெல் உங்களுடையதாக இருக்கலாம். அதைப் போட்டு வைத்திருக்கும் கிடங்கு வேறொருவருடையதாக இருக்கலாம். கிடங்கை மாற்ற வேண்டிவந்தால் நெல்லை அள்ளிக்கொண்டு போக முடியுமா என்பதே கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கருவிகளைப் பார்ப்போம்.

நால்வகைக் கருவிகள்

1. கையால் எழுதுதல். இணையப் பக்கங்களின் மொழி எச்.டி.எம்.எல். ஆகும். இது தலைப்பு, இது பத்தி, இங்கே படம் என்று எழுத்துக்கு இடையிடையே குறிகள் இடுவதே இம்மொழி. எந்தக் கணிப்பொறியிலும் உள்ள எளிய எழுதிப்பலகையிலேயே இதை எழுதலாம். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டு இந்த வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். வெவ்வேறு வகைக் கணிப்பொறிகளை வைத்திருந்த அறிவியலாளர்கள் ஒருவர் ஆவணத்தை மற்றவர் படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்த முறையைக் கட்டணமின்றி எல்லாருக்கும் பொதுவாக்கியது. அதனால்தான் 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட பக்கங்களை இன்றைய உலாவியிலும் படிக்க முடிகிறது. இம்முறையைக் கற்கச் சில வாரங்கள் பிடிக்கும். ஆனால் கோப்பு முழுவதும் உங்களுடையது. எந்த வழங்கியிலும் கொண்டுபோய் வைக்கலாம்.

2. வலைப்பூச் சேவை. இங்கே நிறுவனமே வழங்கியையும் முகவரியையும் தருகிறது. நீங்கள் எழுதி 'வெளியிடு' என்று அழுத்தினால் போதும். பிளாகர் 1999ஆம் ஆண்டு தொடங்கியது. 2003இல் கூகுள் அதை வாங்கியது. தமிழில் வலைப்பூக்கள் 2003ஆம் ஆண்டை ஒட்டிப் பெருகியதற்கு இத்தகைய இலவசச் சேவைகள் பெரிதும் உதவின. உங்கள் பதிவுகள் அனைத்தையும் கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ள வழி உண்டு.

3. இழுத்து வைத்துக் கட்டும் கருவிகள். விக்ஸ், கூகுள் சைட்ஸ் முதலியவை இவ்வகை. படத்தை இங்கே, எழுத்தை அங்கே என்று திரையில் இழுத்து வைத்தாலே பக்கம் அமைந்துவிடும். குறி எதுவும் கற்க வேண்டியதில்லை. கண்ணுக்கு அழகான மாதிரிப் பக்கங்கள் பலவும் கிடைக்கும். ஆனால் திரைக்குப் பின்னால் நடப்பதைக் கவனியுங்கள். நீங்கள் அடுக்கிய அமைப்பு, அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில், அதன் மென்பொருளுக்கு மட்டுமே விளங்கும் வடிவில் சேமிக்கப்படுகிறது. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு வழங்கியில் வைக்க முடியாது என்று அந்நிறுவனமே தெரிவிக்கிறது. வெளியேற வேண்டுமானால் எழுத்தையும் படங்களையும் ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்து, பக்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

4. சொந்தமாக நிறுவும் மென்பொருள். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வேர்டுபிரஸ். 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த இது, யாரும் இலவசமாக எடுத்து, மாற்றி, பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருள். உலகின் இணையதளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு இதைக்கொண்டே இயங்குகின்றன. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேர்டுபிரஸ் என்ற பெயரில் இரண்டு உண்டு. ஒன்று, இந்த மென்பொருள். மற்றொன்று, அதே மென்பொருளைக்கொண்டு ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. சேவையில் சேர்ந்தால் அது நாம் பார்த்த இரண்டாம் வகையைச் சேரும். மென்பொருளை எடுத்து, வாடகைக்குப் பெற்ற வழங்கியில் நீங்களே நிறுவினால் அது நான்காம் வகை. எல்லாம் உங்கள் பொறுப்பு. புதிய பதிப்பு வந்தவுடன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால், கதவைத் தாழிடாத வீட்டில் திருடன் புகுவதைப்போல் விஷமிகள் புகுந்துவிடுவர். இதில் பக்கத்தை அடுக்குவதற்கென்று தனிச் செருகுநிரல்களும் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்க்கும்போதும் எச்சரிக்கை தேவை. சிலவற்றைப் பின்னர் நீக்கினால், உங்கள் எழுத்துக்கு நடுவே அவற்றின் குறிகள் பதர்போல் சிதறிக் கிடக்கும். வேர்டுபிரஸ் மென்பொருளோடு 2018ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து சேர்ந்தே வரும் தொகுப்பான் தொடக்க நிலையினருக்குப் போதும்.

ஆயத்த மாதிரியில் பக்கம் கட்டுவதை ஏதோ குறைவு என்று எண்ண வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டத்தின் அரசுத் தளத்தையும் பக்கத்து மாவட்டங்களின் தளங்களையும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். தேசிய தகவலியல் மையம் அமைத்த பொதுவான சட்டகத்தில் அவை இயங்குவதே காரணம். மாவட்டந்தோறும் புதிதாகக் கட்டும் உழைப்பு மிச்சமாகிறது. மாதிரியைப் பயன்படுத்துவதில் தவறு இல்லை. எழுத்து மாதிரிக்குள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூடப்பட்ட ஊர்

சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் என்ற சேவை தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒரு பக்கம் அமைக்கலாம். தளம் முழுவதும் ஓர் ஊரைப்போலத் தெருத்தெருவாகப் பிரிக்கப்பட்டு, அங்கே ஒரு மனை எண் உங்களுக்குக் கிடைக்கும். உலகெங்கும் மக்கள் தம் குடும்பக் கதைகளையும் சமையற் குறிப்புகளையும் ஊர் வரலாறுகளையும் அங்கே எழுதினார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் கிடைக்கத் தொடங்கியது. 1999இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸைப் பெரும் தொகைக்கு வாங்கியது. பத்தே ஆண்டுகள் கழித்து, 2009 அக்டோபரில், அதை மூடிவிட்டது. கோடிக்கணக்கான பக்கங்கள் அந்த முகவரிகளிலிருந்து மறைந்தன. மூடுவதற்கு முன் தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்துப் பெரும் பகுதியைப் பிரதி எடுத்தார்கள். எனினும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை.

பக்கம் எழுதியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அது அக்காலத்தின் பெரிய, புகழ்பெற்ற, எளிய சேவை. ஆதலால், 'இது பெரிய நிறுவனம், ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை போதாது என்பது விளங்குகிறது.

விதை சொல்லும் பாடம்

அப்படியானால் எந்தச் சேவையைத்தான் நம்புவது? விடை நம் டெல்டாவிலேயே இருக்கிறது. திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கம் என்ற ஊர் உண்டு. அங்கே 'நெல்' ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். அவற்றை அவர் பூட்டி வைக்கவில்லை. ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி உழவர்களுக்கு விதை கொடுத்தார். இரண்டு கிலோ வாங்கிச் சென்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த நெல் வகைகள் அவரோடு போய்விடவில்லை. பல ஊர் வயல்களில் விளைகின்றன.

இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. விதையைக் குதிரிலேயே போட்டு வைத்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல முளைப்புத்திறன் குறைந்துவிடும். அவ்வப்போது விதைத்துப் புதுப்பிக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் ஒரு வெள்ளத்திலோ தீயிலோ எல்லாம் போய்விடும். பல இடங்களில் இருக்க வேண்டும். கணிப்பொறிக் கோப்புக்கும் இவ்விரண்டும் அப்படியே பொருந்தும்.

ஆகவே, எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: 'நான் எழுதியதை நாளை இங்கிருந்து முழுமையாக எடுத்துச் செல்ல முடியுமா?'

தமிழுக்கென்று ஒரு சோதனை

தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் இந்த எண்களைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டன. ஓர் எழுத்துருவில் 'க'வுக்கு உரிய எண் வேறோர் எழுத்துருவில் 'ப'வுக்கு உரியதாக இருக்கும். உரிய எழுத்துரு உங்கள் கணிப்பொறியில் இல்லாவிட்டால், திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். அதனால் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தன் எழுத்துருவை இறக்கிக்கொள்ளும்படி படிப்பவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையைத் தீர்த்தது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'நெல்' என்ற சொல் உலகின் எந்தக் கணிப்பொறியிலும் 2984, 3014, 2994, 3021 என்ற நான்கு எண்களே. ந, எகரக் குறி, ல, புள்ளி என்பன அவை. 2010ஆம் ஆண்டு தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் இணையத்தில் ஏற்றிவருகிறது. தொடக்கத்தில் அந்நூல்கள் வேறொரு குறிமுறையில் இருந்தன. அவை திறந்த எழுத்துக் கோப்புகளாக இருந்ததால், பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. படமாக மட்டும் சேமித்திருந்தால் மறுபடியும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருக்க வேண்டும்.

எனவே, நோட்டுப் புத்தகத்தைப் படம் பிடித்துப் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒருங்குறியில் தட்டெழுதுங்கள். அப்போதுதான் 'பூங்கார்' என்று தேடுபவருக்கு உங்கள் பக்கம் அகப்படும்.

பக்கத்தின் எடை

இனி ஒரு சிறு கணக்கு. இணையத்தில் பொதுவாக வழங்கும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் எடுக்கும். 'நெல்' 12 பைட். ஒரு சொல்லுக்குச் சராசரி 8 குறிகள் என்று கொண்டால், இடைவெளியையும் சேர்த்து 25 பைட் ஆகும். 1000 சொற்களுக்கு 25,000 பைட். கைப்பேசியில் எடுத்த ஒரு படமோ 40 இலட்சம் பைட் இருக்கலாம். அதாவது ஒரு படம் 160 கட்டுரைகளின் எடை!

நொடிக்கு 20 இலட்சம் பிட் வரும் இணைப்பில் படிக்கிறார் ஒருவர். ஒரு பைட்டுக்கு 8 பிட். கட்டுரை வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். படம் வர 16 நொடி ஆகும். பத்துப் படங்கள் என்றால் இரண்டரை நிமிடத்துக்கும் மேல்! அதுவரை யார் காத்திருப்பார்? படத்தின் அகலத்தை 1000 புள்ளிகளாகக் குறைத்து, 2 இலட்சம் பைட் அளவுக்குக் கொண்டுவந்தால் பத்துப் படங்களும் 8 நொடியில் வந்துவிடும். இழுத்துக் கட்டும் கருவிகள் பல, அழகுக்காகத் தம் பங்குக்கும் கூடுதல் சுமையை ஏற்றும். ஆதலால் மாதிரிப் பக்கத்தை உங்கள் ஊரில், சாதாரணக் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியானால் எதை எடுப்பது?

நால்வர் சேர்ந்து, பணச் செலவின்றி, ஒரு விடுமுறைக்குள் முடிக்க வேண்டும் என்றால் வலைப்பூச் சேவையே ஏற்றது. கற்கும் ஆர்வமும் வழிகாட்ட ஆசிரியரும் இருந்தால் எச்.டி.எம்.எல். கற்றுக் கையால் எழுதுங்கள். அதைப்போல் நெடுநாள் நிற்பது வேறில்லை. பள்ளியே தளம் நடத்த முன்வந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க ஒருவர் பொறுப்பேற்றால் வேர்டுபிரஸ் நன்று. ஒரு விழாவுக்கான அறிவிப்புபோல் சில நாள் நின்றால் போதும் என்ற பக்கத்துக்கு இழுத்துக் கட்டும் கருவி பொருந்தும்.

எதை எடுத்தாலும் மூல எழுத்தைக் கருவிக்குள் நேராக எழுதாதீர்கள். முதலில் உங்கள் கணிப்பொறியில் எளிய எழுத்துக் கோப்பாக எழுதி வைத்து, பிறகு அங்கே இடுங்கள். சொந்த முகவரி வாங்கினால், ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளைக் குறித்து வையுங்கள். தவறினால் அந்தப் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். கணக்குத் தொடங்குவதைப் பெற்றோரோ ஆசிரியரோ உடனிருக்கச் செய்யுங்கள். பெரியவர்களின் பெயரையும் படத்தையும் அவர்கள் சம்மதித்தால் மட்டுமே வெளியிடுங்கள். அவர்களுடைய தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் வேண்டாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊர்ப் பெயரில் எத்தனை குறிகள், எத்தனை பைட் என்று கணக்கிடுங்கள். 'தஞ்சாவூர்' என்பதற்கு 9 குறிகள், 27 பைட். சரிதானா என்று எண்ணிப் பாருங்கள்.

2. நீங்கள் எண்ணியுள்ள சேவையில் சோதனைக்காக மூன்று சிறு பதிவுகள் இடுங்கள். அவற்றை முழுமையாக இறக்கி எடுங்கள். அந்தக் கோப்பை இணைய இணைப்பு இல்லாத வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகள் படிக்கும்படி இருக்கின்றனவா? படங்களும் வந்தனவா? இல்லையென்றால் அந்தச் சேவையை விட்டுவிடுங்கள்.

3. மாதம் ஒருமுறை தளத்தைப் பிரதி எடுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று பள்ளியில், ஒன்று வெளியூரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றும் திறக்கின்றனவா என்று சோதியுங்கள்.

இரண்டாவது சோதனையை, தளத்தை அமைத்த பிறகு அல்ல, அமைக்கும் முன்பே செய்ய வேண்டும். நாற்பது பக்கத்தையும் ஏற்றிய பின் வெளியேறும் வழியைத் தேடுவது கடினம். பூங்காரைப் பற்றிச் சொன்ன தாத்தாவிடம் இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா?